மில் கேட்டுக்குள் துப்பாக்கி: விதி எழுதும் முறை

உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் ஸ்பின்னிங் மில்லோ பனியன் கம்பெனியோ நடத்துபவர், வெளிநாட்டு பையரின் ஆடிட்டுக்காக ஊழியர் விதிகளை எழுத உட்காரும்போது, அமெரிக்க மாதிரி ஒன்றைப் பார்த்து எழுத நேரலாம். ஆயுதம் பற்றிய பகுதியில் அப்படிச் செய்வது ஆபத்து. 2002-இல் ஓக்லஹோமா மாநிலத்தின் வாலியண்ட் ஊரில் இருந்த ஒரு காகித ஆலை, காரில் துப்பாக்கி வைத்திருந்த தொழிலாளர்களை வேலையிலிருந்து நீக்கியது. அதன்பின் அந்த மாநிலம், பூட்டிய காரில் இருக்கும் துப்பாக்கியை முதலாளி தடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்றது. அங்கே துப்பாக்கி குடிமகனின் உரிமை. அதனால் அதை எங்கே பூட்டி வைப்பது என்பதே அங்கு முதலாளியின் கவலை. இங்கே 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமத்தில் பெயர் உள்ளவரைத் தவிர வேறு யாரும் துப்பாக்கியை வைத்திருக்கக் கூடாது. ஆகவே நம் விதியின் முதல் வரி வேறாக இருக்க வேண்டும்: ஊழியரின் துப்பாக்கி வளாகத்துக்குள் வரக் கூடாது, நிறுவனம் அதை வாங்கி வைக்கவும் கூடாது.

இரண்டாவது பாதிதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் வாட்ச்மேன், “காலையில் எடுத்துக்கொள்கிறேன்” என்று தன் ஒற்றைக்குழல் துப்பாக்கியை டைம் ஆபீஸ் பீரோவில் வைத்துவிட்டுப் போகிறார் என்று கொள்வோம். சாவி வைத்திருக்கும் ஸ்டோர் கீப்பரின் பெயர் உரிமத்தில் இல்லை. கையில் எடுக்காவிட்டாலும், பொருள் இருப்பது தெரிந்து அதன் மீது கட்டுப்பாடும் இருந்தால் அது உடைமைதான் என்று உச்ச நீதிமன்றம் 1972-இல் குன்வந்த்லால் வழக்கில் விளக்கிவிட்டது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகமாக 5 ஆண்டு சிறை. நல்லெண்ணத்தில் வாங்கி வைத்த ஊழியர் அந்தச் சிக்கலில் மாட்டுவார். பழுது பார்க்கவோ உரிமம் புதுப்பிக்கவோ உரிமதாரரின் எழுத்து அனுமதியோடு இன்னொருவர் எடுத்துச் செல்லலாம் என்ற விலக்கு உண்டு. இரவு முழுக்கப் பாதுகாத்துக் கொடுப்பது அதில் அடங்காது.

எனவே முதல் வேலை, கேட்டில் ஏற்கனவே என்ன இருக்கிறது என்று பார்ப்பது. செக்யூரிட்டி ஏஜென்சிக்கு 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு துப்பாக்கி ஏந்தி நிற்பவரின் அசல் ஆயுத உரிமத்தை வாங்கி, அதில் உள்ள பெயர், தனித்த அடையாள எண், துப்பாக்கியில் பொறித்த எண், காலாவதித் தேதி, எந்த எல்லைக்குள் செல்லும், எந்த நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்டது ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுங்கள். கடைசி இரண்டும்தான் முக்கியம். வேறு மாநிலத்தில் வாங்கிய உரிமம் திருப்பூர் மாவட்டத்துக்குச் செல்லாமல் இருக்கலாம். சொந்தப் பாதுகாப்புக்கோ பயிர்க் காவலுக்கோ வாங்கிய உரிமத்தோடு ஒருவர் உங்கள் பஞ்சு குடோனைக் காப்பது உரிமத்தின் நோக்கத்துக்கு வெளியே போய்விடும். நிறுவனத்துக்கு உண்மையிலேயே ஆயுதக் காவல் தேவை என்றால், நிறுவனத்தின் பெயரில் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்து, துப்பாக்கியைக் கையாளும் காவலரின் பெயரையும் அதிலேயே பதிவு செய்வதுதான் நேர்வழி. தாமதமானாலும் அதுவே சரி.

ஆனால் அந்தத் தேவை உண்மையிலேயே இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். சனிக்கிழமை சம்பளத்துக்காகப் பெட்டியில் பணம் கொண்டுவந்த காலத்தில் துப்பாக்கிக்கு ஒரு நியாயம் சொல்ல முடிந்தது. கூலி வங்கிக் கணக்குக்குப் போகும் கம்பெனியில் அந்த நியாயம் இல்லை. இன்னமும் ரொக்கமாகக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு, துப்பாக்கியை விட வங்கி வழிப் பட்டுவாடாதான் செலவு குறைந்த பாதுகாப்பு. தொழிலாளர் கொந்தளிப்பு வந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்பார்கள். கேள்வியில் உண்மையான பயம் இருக்கிறது: 2009 செப்டம்பரில் கோவை பிரிக்கால் ஆலையில் மனிதவளத் துணைத் தலைவர் ராய் ஜார்ஜ் தாக்கப்பட்டு இறந்தார். ஆனால் கோபத்தோடு நெருங்கும் கூட்டத்தின் நடுவில் ஒரு காவலரின் துப்பாக்கி என்ன செய்யும்? சுட்டால் இன்னும் உயிர்கள் போகும், சுடாவிட்டால் அது பறிபோகும். அந்த ஆபத்துக்கு மருந்து, நாள்பட்ட குறைகளை முன்கூட்டியே பேசித் தீர்ப்பதும் நேரத்தில் போலீஸை அழைப்பதும்தான்.

“மில் என்னுடையது, உரிமமும் என்னுடையது, என்னை யார் கேட்பது?” என்று முதலாளி கேட்டால் சட்டம் அவர் பக்கம் இருக்கலாம், அனுபவம் இல்லை. 2020 நவம்பரில் பக்கத்திலேயே பழனியில், நிலத்தகராறு ஒன்றில் திரையரங்கு உரிமையாளர் ஒருவர் சுட்டதில் இருவர் குண்டடிபட்டனர். வாய்ச் சண்டை முற்றும் நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருப்பதே ஆபத்து. மேஜை டிராயரும் காரின் டேஷ்போர்டும் அதற்கான இடமல்ல. முதலாளிக்குப் பொருந்தாத விதியைத் தொழிலாளி மதிக்கவும் மாட்டார்.

இனி விதியை எழுதும் கட்டம். “துப்பாக்கி” என்று மட்டும் எழுதினால் போதாது. நாட்டுத் துப்பாக்கி, தோட்டா, வெடிமருந்து, பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய், ஏர்கன் எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். ஆனைமலை அடிவாரக் கிராமங்களிலிருந்து வேலைக்கு வருபவர்களில் தோட்டக்காரர்களும் உண்டு; மோட்டார் சைக்கிள் பையில் அப்படி ஒன்று இருந்தால் அது வீட்டிலேயே இருக்கட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது அவர்களுக்கும் நல்லது. ஏர்கன் பற்றித் தனியாக ஒரு வாக்கியம் வேண்டும். குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த சக்தியுள்ளதற்கு உரிமம் தேவையில்லை என்பதால், குரங்கையும் மயிலையும் விரட்ட மில்லில் ஒன்றை வாங்கி வைக்கும் எண்ணம் சுலபமாக வரும். மயில், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை. அதைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை. வலை கட்டுவதே வழி.

பெண் தொழிலாளர் ஹாஸ்டல் உள்ள மில்களுக்கு இன்னொரு வரியும் தேவை. எனக்கு இந்த விதி முழுவதிலும் மிகவும் வேண்டிய வரி அதுதான். ஹாஸ்டல் கேட்டில் துப்பாக்கியோடு ஆள் நிற்கக் கூடாது. வெளியிலிருந்து வரும் தொந்தரவைத் தடுக்கத்தான் என்று நிர்வாகம் உண்மையாகவே நினைக்கலாம். உள்ளே இருந்து பார்க்கும் பதினெட்டு, இருபது வயதுப் பெண்ணுக்கு அந்தக் குழல் யாரை நோக்கி இருக்கிறது என்பது அவ்வளவு தெளிவாக இருக்காது. நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துவதும் மிரட்டுவதும் கட்டாய உழைப்பின் அடையாளங்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வகுத்திருக்கிறது. பெண் காவலர், நல்ல வெளிச்சம், கேமரா, உள்ளிருப்பவர்களே அழைக்கக்கூடிய ஒரு தொலைபேசி ஆகியவை அதே பாதுகாப்பைப் பயமுறுத்தாமல் தரும்.

எழுதிய விதிக்குச் சட்ட பலம் வர வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி 300 தொழிலாளர்களும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்கு நிலையாணைகள் உண்டு. ஆயுதம் கொண்டுவருவதை அதில் ஒழுங்கீனமாகச் சேர்க்கலாம். சிறிய யூனிட் என்றால் நியமனக் கடிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடித்துக் கேட்டில் ஒட்டுங்கள். விதியை மீறி ஒரு துப்பாக்கி கண்ணில் பட்டால் யாரும் அதைத் தொடவோ பிடுங்கவோ கூடாது. ஆட்களை விலக்கி, 112-க்கு அழைத்து, போலீஸ் வரும்வரை அந்த இடத்தை அப்படியே விட வேண்டும். உள் விசாரணை பிறகு நடக்கட்டும். உரிமம் உள்ளவர் மறதியாகக் கொண்டுவந்திருந்தால், அவரையே துப்பாக்கியோடு வெளியே அனுப்பிவிட்டு அதை எழுத்தில் பதிவதே சரி.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்க உத்தரவு வரும். காவலரே நேரில் போய்க் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ கொடுக்க வேண்டும். அலுவலகப் பையனிடம் கொடுத்தனுப்பக் கூடாது. ரசீதின் நகலைப் பதிவேட்டில் ஒட்டுங்கள். அந்த வாரங்களில் மில் துப்பாக்கியில்லாமல்தான் ஓடுகிறது. அப்போது திருட்டோ தகராறோ கூடியதா என்று கேட் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். கூடவில்லை என்றால், தேர்தல் முடிந்ததும் ஏஜென்சியிடம் ஆயுதமில்லாக் காவலர் மட்டும் போதும் என்று எழுதிக் கொடுத்து, ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்ளலாம்.