மாப்பிள்ளை கையில் இருப்பது எந்த பாஸ்?

போன மாதம் தென்னூரில் ஒரு குழுக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன் எல்லாம் நோட்டில் எழுதி முடித்த பிறகு ஒரு உறுப்பினர் ஒரு விஷயம் கேட்டார். "மேடம், எம் பொண்ணுக்கு சிங்கப்பூர் மாப்பிள்ளை அமைஞ்சிருக்கு. கல்யாணம் முடிஞ்சு ரெண்டே மாசத்துல கூட்டிட்டுப் போயிடுவேன்னு சொல்றாரு. நகை மட்டும் கொஞ்சம் கூடக் கேக்குறாங்க. செய்யலாமா?" கூட்டத்தில் பாதிப் பேர் "நல்ல எடம், விட்டுடாதே" என்றார்கள். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "அவர் கையில் இருப்பது எந்த பாஸ்?" யாருக்கும் தெரியவில்லை. மாப்பிள்ளையின் உயரம், சம்பளம், நட்சத்திரம் எல்லாம் தெரிந்திருந்தது. எனவே இந்த மாதப் பாடம் அதைப் பற்றியே.

நம் திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், சார்ஜா என்று நேரடி விமானம் போகிறது. 2024 ஜூன் முதல் புது முனையமும் இயங்குகிறது. தென்னூர், உறையூர், பாலக்கரை, ஸ்ரீரங்கம் எங்கு போனாலும் தெருவுக்கு நாலு வீட்டில் வெளிநாட்டுப் பணம் வருகிறது. ஆனால் வேலைக்குப் போகிறவருக்கு ஒரு சட்டம், அவர் மனைவிக்கு வேறு சட்டம். இதைப் பெண் வீட்டார் விசாரிப்பதே இல்லை.

சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். அங்கே வேலை செய்ய வெளிநாட்டுக்காரர்களுக்கு மூன்று வகை அனுமதி முக்கியமானது. கட்டடம், கப்பல் பட்டறை, சுத்தம் செய்யும் வேலை போன்றவற்றுக்கு 'வொர்க் பெர்மிட்'. நடுத்தரத் தொழில்நுட்ப வேலைக்கு 'எஸ் பாஸ்'. படித்த அதிகாரி, இன்ஜினியர் போன்றவர்களுக்கு 'எம்ப்ளாய்மென்ட் பாஸ்'. இதில் வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் மனைவி மக்களைக் கூட்டிப்போய்க் குடியிருக்க வைக்க முடியாது. இருபது வருடம் வேலை பார்த்தாலும் முடியாது. சுற்றுலா விசா கிடைத்தால் சில வாரம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் இருந்தாலும் மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் டாலராவது இருக்க வேண்டும். நம்ம பணத்துக்கு ஏறக்குறைய நாலு லட்சம். 2018 ஜனவரியிலிருந்து இந்த அளவு. அது இருந்தால்தான் மனைவிக்கு 'டிபென்டன்ட் பாஸ்' கேட்கலாம்.

இதைச் சொன்னதும் அந்தச் சகோதரி முகம் வாடிவிட்டது. "அப்ப பொய் சொல்றாரா மேடம்?" என்றார். பொய் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். சில பையன்களுக்கே விவரம் முழுசாகத் தெரிவதில்லை. சிலர் பெண் கிடைக்க வேண்டுமே என்று சொல்லிவிடுகிறார்கள். சந்தேகத்தைத் தீர்க்க வழி இருக்கிறது. சிங்கப்பூர் அரசு தரும் அட்டையிலேயே எந்த வகை என்று எழுதியிருக்கும். அதில் உள்ள கியூஆர் கோடை 'எஸ்ஜி வொர்க்பாஸ்' என்ற செயலியில் ஸ்கேன் செய்தால் அது நடப்பில் இருக்கிறதா என்றும் காட்டும். ஜாதகத்தை வாங்கிப் பார்க்கிற நாம் இந்த அட்டையையும் வாங்கிப் பார்க்கலாம். கேட்டால் கோபித்துக்கொள்கிற சம்பந்தி, பிறகு எதற்கெல்லாம் கோபிப்பார் என்று இப்போதே தெரிந்துவிடும்.

மலேசியாவிலும் இதே கதைதான். தோட்டம், உணவகம், கட்டட வேலைக்கான தொழிலாளர் பெர்மிட்டில் குடும்பத்துக்கு இடமில்லை. துபாய் முதலான ஏழு அமீரகங்களில் வேலை வகையைவிட சம்பளத்தைப் பார்க்கிறார்கள். மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்க வீடும் இருந்தால் மனைவியை அழைக்க மனுச் செய்யலாம். நம்ம பணத்தில் 4,000 திர்ஹம் என்பது தொண்ணூறாயிரத்துக்கு மேல். ஆனால் அங்கே வீட்டு வாடகையை விசாரித்தால் தலை சுற்றும். அனுமதி கிடைப்பது வேறு, குடும்பம் நடத்துவது வேறு.

இன்னொரு பேச்சும் வரும். "இப்ப விசிட் விசாவுல கூட்டிட்டுப் போறேன், அங்க போய் மாத்திக்கலாம்." மாற்ற முடிகிற நாடும் உண்டு, முடியாத நாடும் உண்டு. மாற்ற முடியாமல் நாள் கடந்துவிட்டால் அபராதமும் வழக்கும் அந்தப் பெண்ணின் பெயரில்தான் வரும்.

கணவரோடு போய் இருக்க வழியில்லை என்றால் கல்யாணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வருடத்துக்கு ஒரு முறை லீவில் வரும் கணவரோடு நல்லபடியாக வாழும் பெண்கள் நம் குழுக்களிலேயே எத்தனையோ பேர். ஆனால் அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும். இரண்டு மாதம் என்று நம்பி, வேலையை விட்டு, மாமியார் வீட்டில் இரண்டு வருடம் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம்.

அடுத்தது திருமணப் பதிவு. எல்லா மதத்தினரின் திருமணத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரியில் சொன்னது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி இது கட்டாயம். திருமணம் முடிந்த 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள் உண்டு. கோயில் ரசீது, மண்டப ரசீது, பத்திரிகை, பள்ளிவாசல் தப்தர் நகல், சர்ச் சான்று எல்லாம் கல்யாணம் நடந்ததற்கு ஆதாரமாக உதவும். ஆனால் விசாவுக்கு அரசுப் பதிவுச் சான்றுதான் வேண்டும். மாப்பிள்ளை முப்பது நாள் லீவில் வருகிறார், மறுவீடு, விருந்து என்று இருபத்தைந்து நாள் போய்விடுகிறது, பதிவு நின்றுபோகிறது. எனவே தாலி கட்டிய வாரத்திலேயே பதிவுக்கு நாள் குறித்துவிடுங்கள். விருந்து ஒரு வாரம் தள்ளிப்போனால் குடி முழுகாது.

அந்தச் சான்று அப்படியே எல்லா நாட்டிலும் செல்லாது. மாநில அரசின் ஒப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்பம் வாங்க வேண்டும். சிங்கப்பூர், ஓமன், பஹ்ரைன், சவுதி போன்ற நாடுகள் 'அப்போஸ்டில்' என்ற முத்திரையை ஏற்கின்றன. அமீரகத்துக்கு அதற்கு மேல் அந்த நாட்டுத் தூதரக ஒப்பமும் வேண்டும். ஏஜென்டிடம் கொடுத்தால் அசல் சான்றைக் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

பெயர் விஷயத்தில் நம் பெண்கள் நிறைய அலைகிறார்கள். மார்க் ஷீட்டில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர், ரேஷன் கார்டில் வேறு எழுத்து. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து முழுப் பெயராகத்தான் போடுவார்கள். குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டு ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால், 2022 நவம்பரிலிருந்து அமீரகம் விசிட் விசா கொடுப்பதில் கெடுபிடி செய்கிறது. கல்யாணம் ஆனதும் பெண் தன் பெயரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. அப்பா பெயரோடேயே பாஸ்போர்ட் வைத்துக்கொள்ளலாம். எந்தப் பெயராக இருந்தாலும் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். பத்தாவது பாஸ் செய்த பெண் என்றால் அந்தச் சான்றையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் 'குடியேற்றச் சோதனை தேவை' என்ற வகையில் பாஸ்போர்ட் வரும். வளைகுடா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அது கூடுதல் அலைச்சல்.

பாஸ்போர்ட் யாரிடம் இருக்க வேண்டும்? "அவர்ட்டதான் இருக்கும், பத்திரமா வச்சிருப்பாரு" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது. அது யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் இருக்க வேண்டும். கணவரிடமோ மாமியாரிடமோ அல்ல. பாஸ்போர்ட், விசா, திருமணச் சான்று, கணவரின் வேலை அட்டை, கம்பெனி பெயர், வீட்டு விலாசம் எல்லாவற்றின் நகலும் பெண்ணின் அம்மா வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு செட், போனில் ஒரு செட் இருக்கட்டும். போட்ட நகைக்கும் பட்டியல் எழுதி, படம் எடுத்து வையுங்கள். பெண்ணுக்குப் போட்ட நகை பெண்ணுக்குத்தான் சொந்தம் என்று உச்ச நீதிமன்றம் 1985லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எல்லா நகையையும் சுமந்துகொண்டு போக வேண்டாம். விலையுள்ளதைக் கொண்டுபோனால், புறப்படும்போதே விமான நிலையச் சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது "இது எங்க வாங்கின?" என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

பெட்டியில் என்ன வைக்கலாம்? அம்மாமார்கள் ஊறுகாய், பருப்புப் பொடி, வடகம் எல்லாம் கட்டிக் கொடுப்பீர்கள். கசகசா மட்டும் வைக்காதீர்கள். குருமாவுக்குப் போடுகிற அதே கசகசாதான், சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் போதைப்பொருள் சட்டத்தில் தடை செய்யப்பட்டது. தினசரி மாத்திரை இருந்தால் டாக்டர் சீட்டோடு எடுத்துப் போக வேண்டும். சில வலி மாத்திரை, இருமல் மருந்துக்கு அங்கே தடை உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் "எம் பையன்ட்ட குடுத்துடும்மா" என்று தரும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. முகத்துக்காக வாங்கினேன் என்றால் சுங்கத்தில் கேட்க மாட்டார்கள்.

போய் இறங்கியதும் முதல் ஒரு மாதம் புதுசாக, சந்தோஷமாக இருக்கும். பிறகுதான் கஷ்டம் தெரியும். கணவர் காலையில் போனால் இரவு வருகிறார். இங்கே உழவர் சந்தைக்குப் போனாலே பத்துப் பேரிடம் பேசிவிட்டு வந்த பெண், அங்கே பதினைந்தாவது மாடியில் தனியாக இருக்கிறாள். சிங்கப்பூரில் ஒரு அறையை மட்டும் வாடகைக்கு எடுத்தால், வீட்டுக்காரர் சமைக்கக் கூடாது என்று சொல்வதும் உண்டு. இதையெல்லாம் போவதற்கு முன்பே கணவன் மனைவி உட்கார்ந்து பேச வேண்டும். தனி வீடா, அறையா? சமைக்கலாமா? வாடகை போக மிச்சம் எவ்வளவு? ஊருக்கு அனுப்புவது எவ்வளவு? அவள் கைச்செலவுக்கு எவ்வளவு? நம் குழுவில் வரவு செலவு நோட்டு எழுதிப் பழகிய பெண் அங்கேயும் எழுதலாம். கணவருக்கும் அது நல்லது. கடனோடு கல்யாணம் செய்த பையன்கள் அதைப் புது மனைவியிடம் சொல்லக் கூச்சப்பட்டு, உள்ளுக்குள் புழுங்குகிறார்கள்.

வேலைக்குப் போகலாமா என்று கேட்பீர்கள். கணவரைச் சார்ந்த விசாவில் இருந்தால் நினைத்த வேலைக்குப் போய்விட முடியாது. சிங்கப்பூரில் 2021 மே மாதத்திலிருந்து டிபென்டன்ட் பாஸில் இருப்பவரும் தனியாக வேலை அனுமதி வாங்க வேண்டும். அமெரிக்காவில் 'ஹெச்-4' விசாவில் போகிற பெண், கணவரின் நிரந்தரக் குடியுரிமை மனு ஒரு கட்டம் தாண்டினால்தான் வேலை அனுமதி கேட்கலாம். அனுமதி இல்லாமல் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்பதுகூட சிக்கலாகலாம். குழந்தை அங்கே பிறந்தால் ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும்.

அம்மாமார்களுக்கும் ஒன்று. தினமும் வீடியோ போட்டு "இன்னிக்கு என்ன சமைச்ச, அவர் என்ன சொன்னார்" என்று விசாரணை வைத்தால், புதுசாகச் சேர்ந்த இருவரும் தங்களுக்குள் பேசிப் பழகவே நேரம் இருக்காது. ஆனால் பெண் போனில் பேசும்போது பக்கத்தில் யாரோ இருப்பது போல் தயங்கினால், பேசுவதே குறைந்தால், அதை மட்டும் சாதாரணமாக விடாதீர்கள். முன்பே ஒரு சொல் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "பாட்டிக்கு முட்டிவலி எப்படி இருக்கு" என்று அவள் கேட்டால் ஆபத்து என்று அர்த்தம், இப்படி ஏதாவது.

அடி, பட்டினி, பூட்டி வைப்பது, பாஸ்போர்ட்டைப் பிடுங்குவது என்று போனால் முதலில் அந்த நாட்டுப் போலீஸ். சிங்கப்பூர், மலேசியா, அமீரகம் மூன்றிலும் 999. அமெரிக்காவில் 911. அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தின் எண்ணைப் புறப்படும் முன்பே போனில் ஏற்றுங்கள். தேசிய மகளிர் ஆணையத்தில் வெளிநாட்டு இந்தியரைத் திருமணம் செய்த பெண்களுக்கென்றே 2009 முதல் ஒரு பிரிவு இருக்கிறது. இங்கிருந்து பெற்றோரும் 181 என்ற மகளிர் உதவி எண்ணில் பேசி வழி கேட்கலாம்.

திரும்பி வந்துவிட்ட பெண்ணிடம் "சம்பவம் அங்க நடந்துச்சு, இங்க கேஸ் எடுக்க முடியாது" என்று யாராவது சொல்லக்கூடும். கணவர் வீட்டுக் கொடுமைக்குத் தப்பி வந்து தங்கியிருக்கும் ஊரிலேயே பெண் புகார் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்திருக்கிறது. வெளிநாட்டுக் கோர்ட்டிலிருந்து விவாகரத்து நோட்டீஸ் வந்தாலும் பயந்து கையெழுத்துப் போட வேண்டாம், கிழித்தும் போட வேண்டாம். நம் திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்துக்கு வெளிநாட்டில் வாங்கும் விவாகரத்து இங்கே செல்லாது என்று 1991லேயே தீர்ப்பு உண்டு. ஆனால் நாம் எப்படிப் பதில் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும். எனவே நோட்டீஸை எடுத்துக்கொண்டு திருச்சி கோர்ட் வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள்.

கடைசியாக நம் குழுக் கணக்கு. உறுப்பினர் கல்யாணமாகி வெளிநாடு போனால் அவர் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடனில் அவர் பங்கு மூன்றையும் புறப்படும் முன் கணக்குப் பார்த்துத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அம்மா பேரில் ஓடட்டும் என்று வாய்ப் பேச்சில் விடக் கூடாது. அவருடைய சொந்தச் சேமிப்புக் கணக்கை மூட வேண்டாம். அங்கே குடியிருக்கப் போவதாக வங்கியில் எழுதிக் கொடுத்து, 'என்ஆர்ஓ' கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். ஏடிஎம் கார்டு அவரிடமே இருக்கட்டும்.

அடுத்த கூட்டத்தில் ஊக்குநர், பிரதிநிதிகள் இந்தப் பாடத்தைப் படித்துக் காட்டி, உங்கள் குழுவில் யார் வீட்டுப் பெண் வெளிநாடு போயிருக்கிறாள், அவள் பாஸ்போர்ட் நகல் யாரிடம் இருக்கிறது என்று கேட்டு எழுதி, 15ஆம் தேதிக்குள் கூட்டமைப்புக்குத் தாருங்கள். அந்தச் சகோதரி மாப்பிள்ளையின் அட்டைப் படத்தை வாட்ஸ்ஆப்பில் வாங்கிவிட்டார். வொர்க் பெர்மிட்தான். பெண்ணிடமே சொல்லி, அவளையே முடிவு செய்யச் சொல்லியிருக்கிறார். அவள் மாப்பிள்ளையிடம் நேரில் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறாளாம்.