கையை ஓடவிடு, பிறகு விசாரி

அன்புத் தம்பிக்கு,

முதல் வரியை எழுதுவதற்குள் மூன்று முறை அடித்துவிடுவதாகச் சொல்லி, நிறுத்தாமல் எழுதும் பயிற்சி உதவுமா என்று கேட்டிருந்தாய். உதவும். திருவனந்தபுரத்தில் கரமனையிலும் வலியசாலையிலும் தமிழ் எழுத முயலும் பலருக்கும் இதே தயக்கம் உண்டு என்பதால் பொதுவிலேயே பதில் சொல்கிறேன்.

முறை எளியது. காலையில் எழுந்ததும், போனைத் தொடுவதற்கு முன், நோட்டும் பேனாவுமாக உட்கார். கால் மணி நேரம் கை நிற்கக் கூடாது. ஒற்று மிகுமா என்று யோசிக்காதே. வார்த்தை வராவிட்டால் கடைசி வார்த்தையையே திரும்ப எழுது. டோரதியா பிராண்டே என்ற அமெரிக்க ஆசிரியை 1934-லேயே தன் மாணவர்களுக்கு ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்: பேச்சும் செய்தித்தாளும் உள்ளே புகுமுன் எழுதிவிடு.

முதல் சில நாட்கள் சினிமாப் பாட்டும் பழமொழியும் நேற்றைய சண்டையும்தான் வரும். கை வேகமாக ஓடும்போது பழகிய தடத்தில்தானே ஓடும்! பிரெஞ்சுக் கவிஞர்கள் ஆந்த்ரே பிரெத்தோனும் பிலிப் சூப்போவும் 1919-இல் பாரிஸில் இப்படி எழுதிக் குவித்து அடுத்த ஆண்டு புத்தகமாக்கினார்கள். 1924-இல் சர்ரியலிசம் என்ற கலை இயக்கத்தின் இலக்கணமாகவே இதை அறிவித்த பிரெத்தோன், 1933-இல் இந்த முறையின் வரலாறு தொடர்ந்த துரதிர்ஷ்டம்தான் என்று ஒப்புக்கொண்டார். வேகம் மட்டுமே யாரையும் கவிஞனாக்கிவிடாது.

அப்படியானால் நமக்கு என்ன லாபம்? திருவனந்தபுரத்துத் தமிழனுக்குள் காவல்காரர்கள் இரண்டு பேர். ஒருவன் 'இதை எழுதலாமா' என்று கேட்பவன். அவன் எல்லா ஊரிலும் உண்டு. இன்னொருவன் 'இது தமிழா' என்று கேட்பவன். வீட்டில் ஒரு தமிழ், பஸ்ஸில் மலையாளம், பத்திரிகைக்கு அனுப்ப வேறொரு தமிழ். உன் வரிகள் விறைத்து நிற்பதற்கு இந்த இரண்டாமவன்தான் காரணம் என்று நினைக்கிறேன். வேகமாக எழுதும்போது அவன் பின்தங்கிவிடுகிறான். 'வெறுதே', 'பறஞ்சு' போன்ற மலையாளச் சொற்களெல்லாம் தாமாக வந்து விழும். விழட்டும். நம் ஊர்ச் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்த எழுத்தாளர் ஆ. மாதவன், அந்தத் தெருவின் பேச்சைக் கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டதால்தான் அவர் கதைகளில் சாலை மணக்கிறது.

ஆனால் வந்து விழுந்ததெல்லாம் உன்னுடையதாகிவிடாது. 1910-இல் புதுச்சேரிக்கு வந்த அரவிந்தர் தானாக எழுதும் முறையைச் சோதித்துப் பார்த்தார். 'யோகிக் சாதன்' என்ற சிறு நூல் அப்படி வந்ததுதான்; பின்னாளில் அதைத் தன் நூலாக அவர் ஏற்கவில்லை. இப்படி வருபவற்றில் பெரும்பகுதி ஆழ்மனம் போடும் நாடகமே என்பது அவர் முடிவு. அதே மனிதர் 'சாவித்ரி' காவியத்தை 1950-இல் மறையும் வரை பல பத்தாண்டுகள் திருத்திக்கொண்டே இருந்தார். எதற்கு உழைத்தாரோ அதையே தன்னுடையதாகக் கொண்டார்.

நம் ஊர் எழுத்தாளர் நகுலனைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. அவருடைய 'நினைவுப்பாதை', 'நவீனன் டைரி' நாவல்களைப் படித்துவிட்டு, மனம் போன போக்கில் எழுதிவிட்டார் என்கிறார்கள். மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர் அவர். விர்ஜினியா உல்ஃபை ஊன்றிப் படித்தவர். நவீனன் என்ற மறுபெயரில் தன்னையே தள்ளி வைத்துப் பார்ப்பதும், சுசீலா என்ற பாத்திரம் நூலுக்கு நூல் திரும்பி வருவதும் தற்செயலா? அலைவதுபோல் தோன்றச் செய்வதும் கட்டுமானம்தான். நீல. பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்' நாவலில் நாயகன் அனந்தன் நாயரின் மனம் அரை ஆயுளைச் சுற்றி வருகிறது. நாவலின் காலமோ ஓரிரு நாட்கள், களம் கோயிலும் கோட்டையும் சூழ்ந்த இதே ஊர். எல்லை போட்டதால்தான் மனம் அவ்வளவு தூரம் போக முடிந்தது.

ஆகவே, ஓடி எழுதிய நோட்டை உடனே படிக்காதே. இரண்டு வாரம் மூடி வை. பிறகு பென்சிலுடன் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் விசாரி: இதை வேறு யாரும் எழுதியிருக்க முடியுமா? முடியும் என்றால் தாண்டிப் போ. நீயே வெட்கப்படும் வரி, உனக்கே புரியாத வரி, இரண்டு மொழியும் முட்டிக்கொள்ளும் வரி, இவற்றுக்கு மட்டும் கோடு போடு. பத்துப் பக்கத்துக்கு ஒரு வரி தேறினால் போதும். கவிதையை அந்த வரியிலிருந்து மெதுவாக, வேண்டிய அளவு அடித்துத் திருத்தி எழுது. இப்போது அடிப்பது பயத்தால் அல்ல. எது வேண்டும் என்று தெரிந்ததால்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நோட்டை எனக்கு அனுப்பாதே; உனக்கு வேண்டியவர்கள் யாரிடமும் காட்டாதே. யாரோ படிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் கை மறுபடி நடிக்கத் தொடங்கிவிடும். அதிலிருந்து நீ வைத்துக்கொண்ட ஒரு வரியை அனுப்பு. ஏன் வைத்துக்கொண்டாய் என்றும் எழுது. நாம் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

அன்புடன்,
உன் அண்ணன்