மலிவு இயர்போன்: முதலில் பொருத்தம், பிறகு ஓசை

குடிபாலாவிலிருந்து சித்தூருக்கோ வேலூருக்கோ பஸ் ஏறுகிறவர்கள் மலிவு இயர்போனைப் பற்றிச் சொல்லும் குறை ஒன்றுதான்: 'பேஸே இல்லை.' பல நேரம் குற்றம் பொருத்தத்தில் இருக்கிறது. ரப்பர் முனைக்கும் காதுத் துளைக்கும் நடுவே சிறு இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த ஒலிகள்தாம் முதலில் கசிந்து போகும். பாட்டு ஓடும்போது இரு பக்கமும் விரலால் லேசாக அழுத்துங்கள். மிருதங்கத்தில் தாழ்ந்த ஒலி தரும் பக்கமான தொப்பி சட்டென்று கனத்தால், முனை சரியாக அடைக்கவில்லை. பெட்டியில் கூடவே வரும் மற்ற அளவுகளைப் போட்டுப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்று சட்டம் இல்லை.

இறுக்கமாக இருந்தால் வலிக்காதா என்பார்கள். வலித்தால் அது பெரிய முனை; சரியானது வாயை அசைத்தாலும் நழுவாது, உறுத்தாது. அதற்காக மலிவு இயர்போன் எல்லாமே ஒன்றல்ல. முனை பொருந்திய பிறகும் தொப்பி பாடகர் குரலை மூடினாலோ, நாதஸ்வரத்தின் மேல்ஸ்தாயி காதைக் குத்தினாலோ, குறை கருவியில்தான். இரண்டை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக்குங்கள். கூடுதலாகக் கத்துவதுதான் எப்போதும் நல்லதாகத் தோன்றும். நன்றாக அடைக்கும் முனை பஸ் இரைச்சலைத் தடுப்பதால் ஒலியைக் குறைத்தே கேட்கலாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். இறங்கிச் சாலையைக் கடக்கும்போது மட்டும் கழற்றிவிடுங்கள்.