கணிப்பொறி தரும் விடையைச் சோதித்தல்

களத்தில் எடுத்த அளவுகளைக் கணித மென்பொருளில் இட்டால், பல மணி நேரக் கணக்கு சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. சைலாப், ஆக்டேவ் என்னும் இரு மென்பொருள்களும் விலையின்றிக் கிடைப்பவை. பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முயற்சியால் சைலாப்பைக் கற்பதற்கான பாடங்கள் தமிழிலும் வெளிவந்துள்ளன. ஆயினும் விரைவில் கிடைத்த விடை சரியான விடையென்று கொள்ளலாகாது. மென்பொருள் எவ்வித எச்சரிக்கையும் தராமலே நாம் தவறக்கூடிய நான்கு இடங்களை இங்குக் காண்போம்.

1. தசம எண்கள்: மூன்றில் ஒரு பங்கைத் தசம முறையில் முடிவுற எழுத இயலாது. அவ்வாறே பத்தில் ஒரு பங்கை இரும முறையில் முடிவுற எழுத இயலாது. கணிப்பொறி இரும முறையைக் கையாள்வதால், 0.1 என்பதற்கு மிக அண்மையான வேறோர் எண்ணையே அது ஏற்கிறது. 0.1 + 0.2 என்பது 0.3-க்குச் சமமா என வினவினால், சமமன்று என்றே விடை வரும். ஆகவே இரு எண்கள் சமமா என வினவாது, அவற்றின் வேறுபாடு நாம் குறித்த சிற்றளவுக்குள் அடங்குகிறதா என வினவுதல் வேண்டும்.

இது அற்பப் பிழையன்று. சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்புச் சாதனம், காலத்தைப் பத்தில் ஒரு நொடிகளாக எண்ணி, அவ்வெண்ணை 0.1 ஆல் பெருக்கி நொடிகளாக்கியது. அந்த 0.1, 24 இரும இலக்கங்களுக்குள் வெட்டப்பட்டிருந்தது. ஏறத்தாழ 100 மணி நேரம் தொடர்ந்து இயங்கியபின் பிழை 0.34 நொடியாகப் பெருகியது. 1991 பிப்ரவரி 25 அன்று பாய்ந்து வந்த ஏவுகணையை அது தடுக்கத் தவறியதால் 28 வீரர்கள் மாண்டனர்.

2. கோண அளவு: இம்மென்பொருள்களில் சைன் சார்பு கோணத்தை ரேடியனில் கொள்ளும். 30 பாகையை எண்ணி 30 என்று இட்டால், 0.5-க்கு மாறாக −0.988 கிடைக்கும். பாகையைப் பை-யால் பெருக்கி 180 ஆல் வகுத்து இடுக.

3. அணிப் பெருக்கல்: பெருக்கற்குறி மட்டும் இட்டால் அணிகளின் முறைப்படி பெருக்கல் நிகழும்; குறிக்கு முன் ஒரு புள்ளி இட்டால் உறுப்புக்கு உறுப்பு பெருக்கப்படும். சதுர அணிகளில் இரு வழியிலும் விடை வருவதால் தவறு புலப்படுவதில்லை. முதலில் இரண்டு வரிசை கொண்ட சிறிய அணியைக் கையால் பெருக்கி ஒப்பிடுக.

4. ஒருங்கமை சமன்பாடுகள்: பின்வரும் இரண்டையும் நோக்குக.

அ + ஆ = 2
அ + 1.0001 ஆ = 2.0001

இங்கு அ = 1, ஆ = 1. இரண்டாவதன் வலப்பக்கத்தை 2.0002 என மாற்றினால், அ = 0, ஆ = 2 ஆகிவிடும். நான்காம் தசம இலக்கத்தில் நேர்ந்த சிறு மாற்றம் விடையையே புரட்டிவிட்டது. இரு விடைகளும் தத்தம் சமன்பாடுகளுக்குப் பிழையறப் பொருந்துவதால், விடையைத் திரும்ப இட்டுப் பார்ப்பது மட்டும் போதாது. அளவுகளைச் சிறிது மாற்றி மீண்டும் தீர்த்துப் பார்த்தல் வேண்டும்.

இவ்விரு சமன்பாடுகளும் ஏறத்தாழ இணையான இரு நேர்கோடுகள். இத்தகைய கோடுகளில் ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் வெட்டும் புள்ளி வெகுதூரம் விலகும். நில அளவையில் இரு பார்வைக் கோடுகள் மிகச் சிறு கோணத்தில் சந்திக்குமாறு நிலையங்களைத் தேர்ந்தெடுத்தலும் இதே கேட்டை விளைவிக்கும். அதற்குப் பரிகாரம் மென்பொருளில் இல்லை. வேறொரு நிலையத்திலிருந்து புதிதாக அளவெடுத்தலே தக்கது.

ஆசிரியர்கள் இச்சமன்பாடுகளை வரைபடத்தாளில் வரையச் செய்து, மாணவர்கள் கையால் தீர்த்த பின்னரே கணிப்பொறியில் இடச் செய்தல் நலம். களப்பணியாளர் விடையோடு நில்லாது, கட்டளைகளையும் இட்ட அளவுகளையும் தேதியுடன் ஒரு கோப்பில் பதிந்து வைப்பாராக. ஐயம் எழுந்தால் மற்றொருவர் அக்கணக்கை முதலிலிருந்து செய்து பார்க்க அதுவே துணையாகும்.