சட்டம் போட்டது யார், பங்கு வந்தது யாருக்கு?



போன மாதம் மாடம்பாக்கம் பக்கம் ஒரு குழுக் கூட்டம். சந்தா வசூல் முடிந்து, தீர்மானப் புத்தகத்தை மூடுகிற நேரத்தில் ஒரு வாக்குவாதம் கிளம்பிவிட்டது. "எந்தக் கட்சி வந்தா நமக்கென்ன? நமக்குன்னு யாரு சட்டம் போட்டாங்க?" என்று ஒரு அக்கா கேட்டார். "ஏன், மாசம் ஆயிரம் ரூபா வரலியா?" என்றார் பக்கத்தில் இருந்தவர். "அப்ப மிக்சி, கிரைண்டர் குடுத்தது யாராம்?" என்று பின்னால் இருந்து ஒரு குரல். ஊக்குநர் என்னைப் பார்த்தார்.

நம் கூட்டமைப்பில் கட்சி பேசக்கூடாது என்பது விதி. ஆனால் அந்த அக்காவின் கேள்வி நியாயமான கேள்வி. யாருக்கு ஓட்டுப் போடுவது என்பது உங்கள் விருப்பம். கட்சிகள் ஆட்சியில் இருந்தபோது போட்ட சட்டங்கள் நம் வீடு வரை வந்தனவா என்று பார்ப்பதில் தவறில்லை. இந்த மாதப் பாடம் அதுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஆயிரம் ரூபாய், மிக்சி, இலவச பஸ் இவையெல்லாம் திட்டங்கள். அரசாணை போட்டுத் தொடங்குவார்கள். இன்னொரு அரசாணை போட்டு நிறுத்தலாம், மாற்றலாம். தாலிக்குத் தங்கம் கொடுத்த திருமண உதவித் திட்டம் 2022-இல் கல்லூரிப் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டமாக மாறியது நினைவிருக்கும். சட்டம் அப்படி அல்ல. சட்டசபையில் மசோதா வைக்க வேண்டும், ஓட்டெடுக்க வேண்டும், ஆளுநர் கையெழுத்து வாங்க வேண்டும், அரசிதழில் வர வேண்டும். அதை நீக்குவதற்கும் மறுபடி சட்டசபைக்குத்தான் போக வேண்டும். திட்டம் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம். சட்டம் கொடுத்தால் நாம் கேட்டு வாங்கலாம், கோர்ட்டுக்கும் போகலாம். அதனால் ஒரு கட்சியை எடைபோடும்போது மிக்சியை மட்டும் தராசில் வைத்தால் போதாது.

இப்போது ஒரு சட்டத்தை எடுத்துக்கொள்வோம். நம் தாம்பரத்திலிருந்து ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் செங்கல்பட்டு. அங்கே 1929 பிப்ரவரியில் பெரியாரின் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது. ஆணுக்குச் சமமாகப் பெண்ணுக்கும் சொத்தில் உரிமை வேண்டும் என்று அதில் தீர்மானம் போட்டார்கள். அது சட்டமாக 60 வருஷம் ஆனது. 1989-இல் கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது, தி.மு.க. அரசு இந்து வாரிசு உரிமைச் சட்டத்தில் தமிழ்நாட்டுத் திருத்தம் கொண்டு வந்தது. பூர்வீகச் சொத்தில் மகனுக்கு இருப்பது போலவே மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு என்றது அந்தச் சட்டம். ஆந்திரா நமக்கு முன்னாலேயே செய்திருந்தது. மத்திய அரசு செய்தது நமக்கு 16 வருஷம் கழித்து.

நல்ல சட்டம்தான். ஆனால் அதில் ஒரு கோடு இருந்தது. 1989 மார்ச் 25-ஆம் தேதிக்கு முன்னால் கல்யாணம் ஆன பெண்ணுக்கு இந்தப் பங்கு கிடையாது.

இதை என் வீட்டுக் கதையாகவே சொல்கிறேன். அம்மாவுக்குக் கல்யாணம் 1986-இல். சித்திக்கு 1991-இல். தாத்தாவுக்கு வண்டலூருக்குத் தெற்கே ஒன்றரை ஏக்கர் பூர்வீக நிலம். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் சித்திக்குப் பங்கு உண்டு, அம்மாவுக்கு இல்லை. 2003-இல் தாத்தாவும் மாமாவும் பாகப்பிரிவினை செய்தார்கள். அம்மாவை யாரும் கூப்பிடவில்லை. சட்டப்படி கூப்பிட வேண்டிய அவசியமும் இல்லை. சித்தியைக் கூப்பிட்டுப்போய் சார்பதிவாளர் ஆபீசில் ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு பட்டுப்புடவை, ஐயாயிரம் ரூபாய். "எங்கிட்ட மட்டும் எதுக்குக் கையெழுத்து, அக்கா போட வேணாமா?" என்று சித்தி கேட்டிருக்கிறார். "அதெல்லாம் ஆபீஸ் சம்பிரதாயம்மா" என்று பதில். பங்கு இருந்ததால்தான் அவருடைய கையெழுத்து தேவைப்பட்டது. அது சித்திக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அண்ணனிடம் கேட்டிருப்பாரா என்பது வேறு விஷயம். "பொறந்த வீட்டு வாசப்படிய மிதிக்க வேணாமா?" என்பார் இன்றைக்கும்.

2006-இல் கலர் டி.வி. கொடுத்தபோது வீட்டுக்கு வீடு டோக்கன் வந்தது. 1989 சட்டத்துக்கு யார் டோக்கன் கொடுத்தார்கள்? சட்டம் போட்ட கட்சிக்குப் பாராட்டு சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. அதற்குப் பிறகு மாறி மாறி ஆண்ட இரண்டு கட்சிகளுக்கும் இது பொருந்தும்.

அந்தக் கோட்டை அழித்தது 2005-இல் மத்தியில் காங்கிரஸ் கூட்டணி ஆட்சி கொண்டு வந்த திருத்தம். 2005 செப்டம்பர் 9 முதல், கல்யாணம் எப்போது ஆகியிருந்தாலும் மகளுக்குச் சம பங்கு. அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சண்டை பல வருஷம் நடந்தது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு நிபந்தனை இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் பதிவான பாகப்பிரிவினை செல்லும். அதனால் எங்கள் அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. அந்த நிலத்தில் இப்போது மாடி வீடுகள் நிற்கின்றன.

இன்னொன்று. அப்பா தானே சம்பாதித்து வாங்கிய சொத்து என்றால் கணக்கு வேறு. அதை அவர் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். உயில் எழுதாமல் இறந்துவிட்டால் மகள், மகன், மனைவி, அவருடைய தாய் எல்லோருக்கும் சம பங்கு. இது 1956-இலிருந்தே உண்டு. கிறிஸ்தவ, முஸ்லிம் சகோதரிகளுக்கு வாரிசுச் சட்டம் தனி. அதைப் பிறகு ஒரு பாடத்தில் பார்ப்போம்.

அடுத்து உள்ளாட்சி. 1992-இல் நரசிம்மராவ் ஆட்சியில் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தியது. அதை ஒட்டி 1994-இல் ஜெயலலிதா ஆட்சியில் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. 2016-இல் அதே அ.தி.மு.க. அரசு அதைப் பாதியாக உயர்த்தியது. பெரிய விஷயம். ஆனால் அந்த வருஷம் அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்கு, வார்டு வரையறை என்று இழுத்து, நம் செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்களுக்கு 2021 அக்டோபரில்தான் தேர்தல் வந்தது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து உருவான மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரியில். 70 வார்டில் பாதி பெண்களுக்கு. மேயர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, வசந்தகுமாரி கமலக்கண்ணன் முதல் மேயரானார். சட்டம் போட்ட கட்சியின் ஆட்சி முடியும்வரை நகரத்தில் அது ஒருநாள்கூட நடைமுறைக்கு வரவில்லை.

கந்துவட்டிக்கும் இதே நிலைமைதான். 2003-இல் அ.தி.மு.க. அரசு கந்துவட்டித் தடைச் சட்டம் போட்டது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று நாம் சொல்கிற பெயர்களையே சட்டத்தில் எழுதி, மூன்று வருஷம் வரை சிறை என்றது. 14 வருஷம் கழித்து, 2017-இல் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிப் புகார் கொடுத்து அலைந்த ஒரு குடும்பம், இரண்டு பெண் குழந்தைகளோடு, தீயில் மாண்டது. 2025-இல் தி.மு.க. அரசு கடன் வசூலில் மிரட்டுவதைத் தடுக்க இன்னொரு சட்டம் கொண்டு வந்தது. மைக்ரோ பைனான்ஸ்காரர் ராத்திரி வாசலில் உட்காரும்போது எந்தச் சட்டம் என்று சொல்லத் தெரிந்திருக்கிறதா? போலீஸ் ஸ்டேஷனில் மனுவுக்கு ரசீது கேட்டு வாங்குகிறோமா?

நமக்கு வேண்டாத சட்டங்களும் வருவதுண்டு. 2023 ஏப்ரலில் தி.மு.க. அரசு 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் தொழிற்சாலைத் திருத்த மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றியது. மெப்ஸிலும் ஒரகடத்திலும் கம்பெனி பஸ் ஏறிப்போகும் நம் பிள்ளைகள் எத்தனை பேர்! வேலை நேரம் 12, போக வர மூன்று என்றால் தூங்குவது எப்போது? தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளுமே எதிர்த்தன. சில நாளில் நிறுத்திவைத்து, மே 1-ஆம் தேதி திரும்பப் பெற்றார்கள். நல்லதைச் செய்த அதே கட்சி இதையும் செய்தது, எதிர்ப்பு வந்ததும் விட்டும் கொடுத்தது. மூன்றையும் சேர்த்தே எழுதிக்கொள்ள வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: சட்டம், போட்ட கட்சி, வருஷம், நம் குழுவில் எத்தனை பேருக்குப் பலன். நான்காவது கட்டத்தில் வாய்க்கு வந்த எண் வேண்டாம், உறுப்பினர் பெயரைச் சொல்லி எண்ணுங்கள். பிறந்த வீட்டுச் சொத்தில் பங்கு வாங்கியவர், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர், கேட்கவே இல்லாதவர் என்று பிரித்து எழுதினால் இன்னும் நல்லது.

விடுதலைப் பத்திரம் என்று யாராவது நீட்டினால் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். நகல் கேளுங்கள். சொத்து பூர்வீகமா, அப்பா வாங்கியதா, வில்லங்கச் சான்றில் முன்பே பாகப்பிரிவினை பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வக்கீல் உதவி இலவசம், வருமானச் சான்று தேவையில்லை. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

முதலில் கேள்வி கேட்டாரே, அந்த அக்கா போன வாரம் ஆபீசுக்கு வந்தார். கையில் ஒரு பத்திர நகல். 1984-இல் கல்யாணம், 1998-இல் அப்பா இறந்துவிட்டார், பூர்வீக நிலம், இதுவரை பிரிக்கவில்லை. 1989 சட்டப்படி அவருக்குப் பங்கு இல்லை. இப்போது உண்டு. தேதிகளை ஒரு பேப்பரில் எழுதிக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். "தம்பி வெள்ளிக்கிழமை வர்றான். பழம், பூவோட வருவான்" என்றார். நகலை மடித்து குழு பாஸ்புக்குக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.