வடசென்னை வெயிலில் டிரஃபிள்: எந்தச் சாக்லேட்டை, யாருக்கு, எப்போது கொடுப்பது?

சாக்லேட் வகைகளில் மிக விரைவில் கெடுவதும் சுவையில் மிக நயமானதும் டிரஃபிள்தான். உருக்கிய சாக்லேட்டில் சூடான கிரீமைச் சேர்த்துக் கலக்கும்போது கிடைக்கும் வழவழப்பான குழைவுக்குக் கனாஷ் என்று பெயர். அதை ஆறவைத்துச் சிறு உருண்டைகளாகப் பிடித்து, கொக்கோ பொடியில் புரட்டியோ உருக்கிய சாக்லேட்டில் முக்கி மெல்லிய ஓடு கட்டவிட்டோ எடுத்தால் டிரஃபிள் ஆகிறது. பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியிலுள்ள ஷாம்பெரி நகரில் 1895 டிசம்பரில் லூயி டூஃபூர் என்பவர் இதை முதன்முதலாகச் செய்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. குளிர்நாட்டில் குளிர்காலத்துக்கென்று பிறந்த இந்தப் பண்டத்தை இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ உள்ள ஒருவருக்குப் பரிசாகக் கொடுக்க விரும்புகிறவர், விலையையும் பெட்டியின் அழகையும் பார்ப்பதற்கு முன்பாக, கடையிலிருந்து கிளம்பும் உருண்டை வாய்க்குப் போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும், அந்த நேரமெல்லாம் அது எந்த வெப்பத்தில் இருக்கும் என்ற இரண்டையும் கணக்கிட வேண்டியிருக்கிறது.

சாக்லேட்டின் உடலாக இருப்பது கொக்கோ விதையிலுள்ள கொழுப்பான கொக்கோ வெண்ணெய். இக்கொழுப்பு பல படிக வடிவங்களில் உறையக்கூடியது. அவற்றுள் பளபளப்பும் ஒடிக்கும்போது எழும் ‘டக்’ என்ற ஒலியும் தரும் வடிவம் ஏறத்தாழ 34 பாகை செல்சியஸில் உருகும். உடலின் வெப்பம் 37 பாகை என்பதால்தான் நல்ல சாக்லேட் நாக்கில் வைத்தவுடன் கரைகிறது. ஆனால் சென்னையின் மே மாதப் பகல் வெப்பம் சராசரியாகவே அதே அளவை எட்டி, அக்கினி நட்சத்திர நாட்களில் 40ஐயும் கடந்துவிடுவதால், நாக்கில் நடக்க வேண்டியது பெட்டிக்குள்ளேயே நடந்துவிடுகிறது. உருகி மறுபடியும் தானாக உறையும் சாக்லேட்டில் படிக ஒழுங்கு குலைந்து, மேற்பரப்பில் சாம்பல் பூத்தாற்போல் வெண்மை படரும். இது கொழுப்புப் பூப்பு. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சாக்லேட்டின் மீது கடற்கரைக் காற்றின் ஈரம் வியர்த்து, அதில் கரைந்த சர்க்கரை காய்ந்து சொரசொரப்பாகப் படிவது சர்க்கரைப் பூப்பு. விரலால் தேய்த்தால் முன்னது வழுக்கும், பின்னது மணலாக உறுத்தும். இரண்டும் உடலுக்குக் கேடு செய்வதில்லை என்றாலும், பரிசாகக் கொடுக்கத்தக்க தோற்றத்தை அவை பறித்துவிடுகின்றன.

முதல் தேர்வு, கையால் செய்யப்பட்ட கிரீம் டிரஃபிள். பொதுவாக 2 பங்கு கருஞ்சாக்லேட்டுக்கு 1 பங்கு கிரீம் என்ற அளவில் செய்யப்படும் இதைக் கூரிய கத்தியால் இரண்டாக அறுத்துப் பார்த்தால், ஓடு ஒரு மெல்லிய கோடாகவும், உள்ளீடு துளையோ எண்ணெய்ப் பிரிவோ இன்றி ஒரே சீரான பழுப்பாகவும் தெரிய வேண்டும். கத்தியில் ஒட்டும் பகுதி பிசினாக நீளாமல் மென்மையாக விட்டுப்போக வேண்டும். கிரீமில் நீர் இருப்பதால் நுண்ணுயிர்கள் வளர இடமுண்டு. ஆகவே குளிர்பதனத்தில் வைத்தாலும் ஓரிரு வாரங்களே இதன் ஆயுள். மூன்று மாதம் வெளியில் வைத்தாலும் கெடாது என்று விற்பவர் சொல்லும் டிரஃபிளில் புதிய கிரீம் இருக்க வாய்ப்பில்லை என்று கொள்ளலாம். இந்த அற்ப ஆயுளே இதன் மதிப்பு. வாங்கியவர், கொடுக்கப்படுகிறவரின் நாளையும் நேரத்தையும் நினைத்துக்கொண்டு வாங்கினார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறெந்த இனிப்பிலும் கிடைப்பதில்லை.

இரண்டாவது, தொழிற்சாலையில் உருவாகி உறையிட்டு வரும் டிரஃபிள். சுவிட்சர்லாந்தின் லிண்ட் நிறுவனம் 1949இல் அறிமுகப்படுத்திய லிண்டோர் இவ்வகையில் பலரும் அறிந்தது. இதன் உள்ளீட்டில் புதிய கிரீமுக்குப் பதிலாகத் தேங்காய், பனைவிதை ஆகியவற்றின் கொழுப்பு சேர்வதால் மாதக்கணக்கில் தாங்குகிறது. அதே கொழுப்பு கொக்கோ வெண்ணெயைவிடத் தாழ்ந்த வெப்பத்தில் இளகுவதால், ஓடு திடமாக இருக்கும்போதே உள்ளே குழைந்துவிடுகிறது. தங்கத்தாளில் சுற்றிய ஃபெரேரோ ரோஷரையும் பலர் டிரஃபிள் என்றே வாங்குகிறார்கள். உண்மையில் அது முழு ஹேசல்கொட்டையையும் கொட்டைக் குழைவையும் மொறுமொறுப்பான வேஃபர் கூட்டில் அடைத்த வேறொரு பண்டம். அதைச் செய்யும் நிறுவனம் தன் தாய்நாடான இத்தாலியிலேயே கோடை மாதங்களில் அதன் விற்பனையை நிறுத்திவைக்கும் வழக்கமுடையது என்பதை எண்ணூர்க் கோடையில் பெட்டி வாங்குகிறவர் நினைவில் கொள்வது நல்லது. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் வாழ்வாதாரமாக உருவாகி, வெளிநாட்டுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற பர்மா பஜாரிலும் அயல்நாட்டுச் சாக்லேட் கிடைக்கிறது. அங்கே வாங்கும்போது, இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும், சைவ அசைவக் குறியும் உறையில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். இவை இல்லாத பெட்டி எந்த வெப்பத்தில் எத்தனை நாள் கிடந்தது என்பதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

மூன்றாவது, காம்பவுண்ட் எனப்படும் மாற்றுக்கொழுப்புச் சாக்லேட்டால் செய்த உருண்டை. கொக்கோ வெண்ணெயின் இடத்தில் பதப்படுத்திய தாவரக் கொழுப்பைச் சேர்த்த இந்தப் பலகைகளை உருக்கி அச்சில் வார்ப்பது எளிது. உண்மைச் சாக்லேட்டை 45 பாகைக்குமேல் சூடாக்கி, 27 வரை இறக்கி, மறுபடி 31க்கு ஏற்றிப் படிகத்தைப் பண்படுத்தும் வேலை இதற்குத் தேவையில்லை; வெயிலையும் ஓரளவு கூடுதலாகத் தாங்கும். ஆனால் வாயில் முழுமையாகக் கரையாமல் மெழுகுப் படலம்போல் மேலண்ணத்தில் தங்கிவிடும். வீட்டிலிருந்தபடி இதைச் செய்து விற்கும் பெண்களின் உழைப்பு மதிக்கத்தக்கது, பிறந்தநாள் விழாவுக்கு நூறு பிள்ளைகளுக்குக் கொடுக்க இதுவே பொருத்தமானதும்கூட. காம்பவுண்டை டிரஃபிள் என்று பெயரிட்டு டிரஃபிளின் விலைக்கு விற்பது மட்டுமே ஏற்கத்தகாதது. உறையில் சேர்மானங்கள் எடையின் இறங்குவரிசையில் அச்சிடப்படுவதால், சர்க்கரைக்கு அடுத்து ஹைட்ரஜனேற்றப்பட்ட தாவரக் கொழுப்பு வந்து, கொக்கோ வெண்ணெய் எங்கும் இல்லையென்றால் ஐயத்துக்கு இடமில்லை.

டிரஃபிளுக்கு உண்மையான போட்டி, தமிழ்நாட்டிலேயே விளையும் கொக்கோவிலிருந்து எழுந்திருக்கிறது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதியில் தென்னந்தோப்புகளின் நிழலில் ஊடுபயிராக வளரும் கொக்கோவைக் கொண்டு அங்கேயே செய்யப்படும் ‘சாக்லெட்’ (Soklet) என்ற பெயருடைய பலகைகள், ஆரோவில்லில் 2014இல் தொடங்கிய மேசன் அண்ட் கோவின் பலகைகள், சென்னையிலேயே உருவாகும் கொக்கோட்ரெய்ட் ஆகியவை விதையை வறுப்பதிலிருந்து பலகை வார்ப்பது வரை ஒரே கையில் நடக்கும் முறையைச் சேர்ந்தவை. கிரீம் சேராத பலகை நீர்ப்பசையற்றது என்பதால் பல மாதங்கள் நிற்கும், தபாலில் அனுப்பலாம், 70 விழுக்காட்டுக் கருஞ்சாக்லேட்டில் சர்க்கரையும் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குள் அடங்கும். மென்மையில் அது டிரஃபிளுக்கு ஈடாகாது. மணத்தின் ஆழத்தில் பல டிரஃபிள்களை அது மிஞ்சும். ஊட்டியிலிருந்து வருகிறவர்கள் வாங்கிவரும் முந்திரி, திராட்சைச் சாக்லேட்டில் உண்மைச் சாக்லேட்டும் உண்டு, காம்பவுண்டும் உண்டு என்பதால் கேட்டு வாங்குவதே வழி.

எந்தச் சந்தர்ப்பத்துக்கு எது என்ற கேள்வியில் மாதமே பாதியைத் தீர்த்துவிடுகிறது. டிசம்பரில் சென்னையின் பகல் வெப்பம் 29 பாகையளவில் நின்று, இரவில் 22 வரை இறங்குவதால், 1829இல் கட்டி முடிக்கப்பட்ட புனித இராயப்பர் தேவாலயத்தைச் சுற்றியுள்ள இராயபுரத் தெருக்களில் கல்கல்லும் ரோஸ் குக்கீயும் பிளம் கேக்கும் தட்டுத்தட்டாக வீடு மாறும் கிறிஸ்துமஸ் காலமே கிரீம் டிரஃபிளுக்கு இங்கு வாய்த்த பருவம். அந்தத் தட்டில் எட்டு டிரஃபிள்களைத் தனிக் கிண்ணத்தில் வைத்து, அன்றே சாப்பிட்டுவிடும்படி சொல்லிக் கொடுப்பது பெரிய பெட்டியைவிட மேலானது. திருமணச் சீர்வரிசைத் தட்டுகளில் இப்போது சாக்லேட்டைக் கோபுரமாக அடுக்கும் வழக்கம் பெருகியிருக்கிறது. மண்டபத்து விளக்குகளின் கீழ் அத்தட்டு மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருப்பதால், அங்கே உறையிட்ட பலகையோ காம்பவுண்டோ போதும், டிரஃபிளை வைப்பது பணத்தை உருக்குவதாகும். தொழிற்சாலை வாயிலில் ஷிப்ட் முடியும் நேரத்தில் கொடுக்கப்படும் பெட்டியும் அப்படியே: வாங்கியவர் அதை வண்டியின் சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டு கண்டெய்னர் லாரிகளின் வரிசையில் எண்ணூர் நெடுஞ்சாலையில் நிற்கப்போகிறார் என்பதை நினைத்துப் பலகையைத் தேர்ந்தெடுப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை. ஓய்வுபெறும் ஒருவரின் வீட்டுக்கே மாலையில் நேரில் செல்கிறவர் மட்டும் எந்த மாதத்திலும் தயங்காமல் டிரஃபிளைக் கொண்டுபோகலாம். பெறுகிறவர் சைவரா, மதுவைத் தவிர்ப்பவரா என்பதையும் முன்கூட்டி அறிந்துகொள்ள வேண்டும்; சில உள்ளீடுகளில் ரம்மும், மார்ஷ்மெல்லோ சேர்ந்தவற்றில் விலங்குவழி ஜெலட்டினும் இருக்கக்கூடும். பச்சை வட்டம் சைவத்தையும் பழுப்பு முக்கோணம் அசைவத்தையும் குறிக்கும்.

கொண்டுசெல்லும் வழியில், 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோ இப்பகுதிக்குப் பேருதவி செய்திருக்கிறது. உயர்நீதிமன்றத்திலோ மண்ணடியிலோ ஏறினால் திருவொற்றியூர் தேரடி வரை குளிரூட்டிய பெட்டியிலேயே வந்துவிடலாம். நல்ல சாக்லேட் அடையாறுக்கும் அண்ணாநகருக்கும்தான் சரிவரும் என்ற எண்ணத்துக்கு இனி இடமில்லை. தேரடியிலிருந்து கத்திவாக்கத்துக்கும் எண்ணூருக்கும் ஷேர் ஆட்டோவில் செல்லும் தூரத்துக்கு, துணியில் சுற்றிய ஒரு பனிக்கட்டிப் பையுடன் மூடிய பாத்திரம் போதுமானது. பனிக்கட்டி டிரஃபிளை நேரடியாகத் தொடக்கூடாது.

வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, சாப்பிடுவதற்கு அரைமணி நேரம் முன்பு டப்பாவைத் திறக்காமலே வெளியில் எடுத்து வைத்தால், ஈரம் டப்பாவின் மேல் படியுமே தவிர உருண்டையின் மேல் படியாது. வழியில் சற்றே இளகி உருக்குலைந்ததைக் குளிரவைத்து, மீண்டும் உருட்டி, கொக்கோ பொடியில் புரட்டி வீட்டாரே உண்ணலாம். மின்தடையால் இரவெல்லாம் வெப்பத்தில் கிடந்த கிரீம் டிரஃபிள், பார்வைக்கு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், குப்பைக்கே போக வேண்டியது.