கேள்வி டூட்டி அறையிலிருந்து வரட்டும்

கல்வராயன் மலையில் டூட்டி பார்க்கும் டாக்டருக்கு நூலகம், மூத்த பேராசிரியர், பக்கத்து அறை நிபுணர் எல்லாமே கையில் இருக்கும் போன்தான். வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ ராத்திரியில் ஒரு பாம்புக்கடி வந்தால், இங்கேயே விஷமுறிவு மருந்தை (ஏ.எஸ்.வி.) தொடங்குவதா, கள்ளக்குறிச்சிக்கு இறக்குவதா என்று அவர்தான் முடிவெடுக்க வேண்டும். அப்படிப்பட்ட டாக்டர்களுக்குச் சான்று அடிப்படையிலான மருத்துவத்தை ஆன்லைனில் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அதில் தேறிய பாடங்களை, இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

1. பழக்கத்தைக் கேள்வியாக்குங்கள்

பி-வேல்யூ ஸ்லைடைப் போட்டதும் கேமராக்கள் ஒவ்வொன்றாக அணையும். அதனால் நான் தொடங்குவது இப்படி: "ஏ.எஸ்.வி. ஏற்றுவதற்கு முன் ஹைட்ரோகார்டிசோனும் ஏவிலும் போடுகிறோமே, எதற்கு?" பெரும்பாலும் வரும் பதில்: "ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப சீனியர் போடச் சொன்னாங்க சார்." அங்கேதான் பாடம் ஆரம்பம். யாருக்கு, என்ன சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, என்ன பலனுக்காக என்ற நான்கு பகுதிகளாக அந்தப் பழக்கத்தை உடைத்தால் தேடக்கூடிய கேள்வி கிடைத்துவிடும்.

அன்றாட வேலையிலிருந்தே பாடத்தைத் தொடங்குவது என் சொந்த ருசி அல்ல. இந்தியா உட்பட ஏழு நாடுகளில், 60 பயிற்சி மையங்களில் நடந்து 2012-ல் ஜாமா இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. ஆன்லைன் பாடத்தை அன்றாட வார்டு வேலையோடு சேர்த்துப் படித்த டாக்டர்கள், தாமாகவே படித்துக்கொண்டவர்களைவிட அறிவிலும் திறனிலும் முன்னே நின்றார்கள்.

2. ஒரு வகுப்புக்கு ஒரு கட்டுரை போதும்

மேலே சொன்ன கேள்விக்குப் பொருத்தமான ஆய்வு பக்கத்திலேயே, இலங்கையில் இருக்கிறது. பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து பெற்ற 1,007 பேரை வைத்து நடத்திய சமவாய்ப்புச் சோதனை, 2011-ல் பிளாஸ் மெடிசின் இதழில் வந்தது. மருந்து ஏற்றுவதற்கு முன் தோலடியில் போட்ட குறைந்த அளவு அட்ரினலின், முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான ஒவ்வாமையை 43 சதவீதம் குறைத்தது. ஹைட்ரோகார்டிசோனும், ஏவில் வகையைச் சேர்ந்த புரோமெத்தசினும் அப்படிக் குறைக்கவில்லை. அட்ரினலினோடு ஹைட்ரோகார்டிசோனைச் சேர்த்தபோது, அட்ரினலின் தந்த பலனும் போயிற்று.

இந்த ஒரு கட்டுரையை வைத்து எல்லாவற்றையும் கற்றுக்கொடுக்கலாம். குலுக்கல் முறையில் பிரித்தது ஏன்? எந்த மருந்து என்று போட்டவருக்கே தெரியாமல் வைத்தது ஏன்? 43 சதவீதம் என்பது எதில் 43? கடைசியாக, நம் நோயாளிக்கு இது பொருந்துமா? அங்கேயும் கண்ணாடி விரியன்தான், மருந்தும் இந்தியத் தயாரிப்புதான். ஆனால், மலையிலிருந்து வரும் இதய நோயுள்ள பெரியவருக்கு அட்ரினலின் போடலாமா? வகுப்பு சூடுபிடிப்பது இந்தக் கடைசிக் கேள்வியில்தான். நேரத்தில் பாதியை இதற்கே வைத்துக்கொள்ளுங்கள்.

3. எண்ணைச் சோதனைக் குழாயில் காட்டுங்கள்

'சென்சிடிவிட்டி' என்பதை நோட்டில் எழுதினால் தேர்வோடு மறந்துபோகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்யும் 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையை வைத்துச் சொன்னால் நிற்கும். ஒரு கண்ணாடிக் குழாய், கொஞ்சம் ரத்தம், 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பது, அவ்வளவுதான். கண்ணாடி விரியன் கடித்தவர்களிடம் இலங்கையில் செய்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், உறைவு கெட்டிருந்த நூறு பேரில் ஏறக்குறைய 40 பேரைத்தான் இந்தச் சோதனை பிடித்தது. பயிற்சி பெற்றவர்கள், சரியான அளவுள்ள கண்ணாடிக் குழாயில் முறையாகச் செய்து 2017-ல் வெளியிட்டபோது அது 82 ஆனது.

சோதனை ஒன்றே. குழாயும் கையும் மாறியதில் எண் இரட்டிப்பாகிவிட்டது. இதைச் சொன்ன பிறகு, "உங்கள் நிலையத்தில் இருப்பது கண்ணாடிக் குழாயா, பிளாஸ்டிக்கா? சோப்பு போட்டுக் கழுவியதா, புதியதா?" என்று கேளுங்கள். ஒரு முறை ரத்தம் உறைந்துவிட்டது என்பதை நம்பி யாரையும் வீட்டுக்கு அனுப்பக்கூடாது, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்கே புலப்படும். இந்த வகுப்புக்கு ஸ்டாஃப் நர்ஸையும் அழையுங்கள். குழாயைக் கையாள்வது பெரும்பாலும் அவர்கள்தான்.

4. சான்று மெலிந்த இடத்தையும் மறைக்காதீர்கள்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கள்ளக்குறிச்சி டாக்டர்களிடம் இதைத் தொடாமல் சான்று பற்றிப் பேச முடியாது. மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறித்தான் கண்ணையும் உயிரையும் பறிக்கிறது. ஃபோமெபிசோல், எத்தனால் இரண்டும் அந்த மாற்றத்தைத் தடுக்கின்றன. ஆனால், இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த பெரிய சமவாய்ப்புச் சோதனை கிடையாது. உடலியங்கியல் அறிவும் நோயாளிகளைப் பற்றிய தொடர் பதிவுகளும்தான் ஆதாரம்.

"அப்போ எவிடென்ஸ் இல்லையா சார்?" என்று கேட்பார்கள். இருப்பதில் சிறந்ததை எடுத்து, அது எவ்வளவு உறுதியானது என்று தெரிந்துகொண்டு செயல்படுவதும் இதே மருத்துவமுறைதான். சமவாய்ப்புச் சோதனை வரும்வரை கைகட்டி நிற்கச் சொல்லி யாரும் கற்பிக்கவில்லை.

5. சிக்னலுக்கு ஏற்றபடி பாடத்தை வெட்டுங்கள்

மலை நிலையத்தில் வீடியோ நின்று நின்று வரும். பாதியில் பிரசவ வலியோடு ஒருவர் வந்துவிட்டால் டாக்டர் எழுந்து போய்விடுவார். ஆகவே ஒவ்வொரு துண்டும் தனியாக நிற்கும்படி பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் முடியுங்கள். அதையே குரல் பதிவாகவும், ஒரு பக்கச் சுருக்கமாகவும் வாட்ஸ்அப்பில் போடுங்கள். நேரலையை விவாதத்துக்கு மட்டும் வையுங்கள், அதுவும் ஓ.பி. முடிந்த பிறகு. நோயாளியின் பெயரோ படமோ குழுவில் வரவே கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

6. சான்றிதழைக் கடைசியில் வையுங்கள்

ஐந்தாண்டுக்கு 30 கிரெடிட் மணி நேரம் என்ற விதி இருப்பதால் பலர் கணக்குக்காகவே சேர்வார்கள். அதில் தவறில்லை. ஆனால் வருகைப் பதிவுக்காக மட்டும் சான்றிதழ் கொடுக்காதீர்கள். தன் நோயாளி பற்றி ஒரு கேள்வி, தேடிக் கண்ட ஒரு விடை, அதனால் எடுத்த ஒரு முடிவு, மூன்றையும் அரைப் பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். தேட இடமில்லை என்று சொல்லவும் முடியாது: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007-லேயே காக்ரேன் நூலகத்தை நாடு முழுவதற்கும் இலவசமாகத் திறந்துவிட்டது.

சான்று என்பது வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது சென்னைக் கதையை. காசநோயாளியைச் சானடோரியத்தில் அடைக்க வேண்டாம், வீட்டிலேயே மருந்து கொடுத்துக் குணமாக்கலாம் என்று 1959-ல் உலகுக்குக் காட்டிய ஆய்வு, சென்னையின் ஏழைக் குடும்பங்களில் நடந்தது. கல்வராயன் மலையின் நோயாளிகளைப் பற்றிய கேள்விகளும் அப்படி ஒருநாள் ஆய்வாக வேண்டும். சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மலையில் டூட்டி டாக்டர்கள் இருக்கிறார்கள். இரு பக்கத்தையும் ஒரே வகுப்பில் உட்கார வையுங்கள். அடுத்த டூட்டியில் உங்களுக்குப் பதில் தெரியாத ஒரு கேள்வியைக் குறித்துக்கொண்டு வாருங்கள், அதிலிருந்தே தொடங்கலாம்.